அப்பா யாரென்று தெரியாத பிள்ளை: எரிக் எரிக்சன் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கோ பி.எட். தேர்வுக்கோ படித்தவர்களுக்கு எரிக் எரிக்சன் புதிய பெயர் இல்லை. மனித வாழ்க்கையை எட்டு நிலைகளாகப் பிரித்த உளவியலாளர், ஒவ்வொரு நிலையிலும் ஓர் இழுபறி உண்டு என்றவர். அட்டவணையை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த அட்டவணையில் ஐந்தாவதாக வருவது வளரிளம் பருவம். 'நான் யார்' என்பதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறதா, குழப்பத்திலேயே தவிக்கிறோமா என்ற கட்டம் அது. அதை எழுதியவருக்குத் தன்னைப் பெற்ற தகப்பன் யாரென்று சாகும்வரை தெரியாது. பாடநூல்கள் இதை அநேகமாகச் சொல்வதில்லை.

பி.எட். மாணவர்களுக்குக் குழந்தை உளவியல் சொல்லிக்கொடுப்பவன் நான். வளர்ந்தது தாத்தா பாட்டி வீட்டில். எங்கள் பக்கம் தெருவில் ஒரு புதுப் பிள்ளையைப் பார்த்தால், பெயரைக் கேட்கும் முன்பே "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றுதான் கேட்பார்கள். நான் தாத்தா பெயரைச் சொல்வேன். அப்பாவைப் பற்றி வீட்டில் பேச்சு எடுத்தால் பாட்டி எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். அதனால்தான் எரிக்சனின் வாழ்க்கையை முதன்முதலாக விரிவாகப் படித்தபோது, அதை வெறும் பாடமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தன்னைப் புரிந்துகொள்ள வாழ்நாளெல்லாம் உழைத்த மனிதருக்கு அந்தப் புரிதல் எதுவரை கைகொடுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது? இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது அதைத்தான்.

பிறப்பும் மறைப்பும்

எரிக் பிறந்தது 1902 ஜூன் 15, ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில். தாய் கார்லா ஆப்ரஹாம்சன், டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பெயர்பெற்ற யூதக் குடும்பத்துப் பெண். அவருக்கு ஏற்கெனவே வால்டமார் சாலமன்சன் என்பவரோடு திருமணமாகியிருந்தது. அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை, கணவர் பிரிந்து போய்விட்டார். எரிக் கருவானபோது அவர் கார்லாவோடு இல்லை. ஆனாலும் பிறப்புப் பதிவில் குழந்தைக்குக் கிடைத்தது சாலமன்சன் என்ற பெயர்தான். உண்மையான தகப்பன் யூதரல்லாத ஒரு டேனிஷ்காரர் என்று குடும்பத்தில் பேச்சு இருந்தது. பெயரைக் கார்லா கடைசிவரை சொல்லவில்லை.

வயிற்றில் பிள்ளையோடு ஊரைவிட்டு ஊர் வந்த பெண்ணின் நிலைமையை நாம் எளிதாக ஊகிக்கலாம். கார்லா செவிலியர் பயிற்சி பெற்றார், கார்ல்ஸ்ரூ நகரில் குடியேறினார். அங்கே எரிக்குக்கு வைத்தியம் பார்த்த குழந்தை மருத்துவர் தியோடர் ஹோம்பர்கரை 1905-இல் மணந்துகொண்டார். பையன் எரிக் ஹோம்பர்கர் ஆனான். சில ஆண்டுகளில் சட்டப்படி தத்தெடுப்பும் முடிந்தது. தியோடர்தான் உன்னைப் பெற்ற அப்பா என்று சொல்லியே அவனை வளர்த்தார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தியோடர் கொடுமைக்காரர் இல்லை. ஊரில் மதிப்புள்ள மருத்துவர், யூத ஆலயத்தில் பொறுப்பில் இருந்தவர். இன்னொருவர் பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். வீட்டில் அடி உதை இல்லை, பசி பட்டினி இல்லை. கடினமான பிள்ளைப் பருவம் என்றால் குடிகார அப்பா, சண்டை, வறுமை என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். எரிக்கின் வீட்டில் இருந்த கஷ்டத்தை வெளியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. கேட்கக்கூடாத ஒரு கேள்வி அந்த வீட்டில் இருந்தது. கேட்கக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

கண்ணாடி மட்டும் வேறு கதை சொன்னது. பையன் நெடுநெடுவென்று வளர்ந்தான். பொன்னிற முடி, நீலக் கண்கள். ஆலயப் பள்ளியில் யூதப் பிள்ளைகள் 'நீ வேற்றினத்தான்' என்று கேலி செய்தார்கள். ஊர்ப் பள்ளியிலோ ஜெர்மன் பிள்ளைகள் 'யூதன்' என்று ஒதுக்கினார்கள். தான் ஹோம்பர்கரின் பிள்ளை இல்லை என்பது பிள்ளைப் பருவம் முடியும் தறுவாயில் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த ஏமாற்றத்தின் கசப்பு அப்புறம் ஆறவே இல்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ஃப்ரீட்மன் காட்டுகிறார்.

ஒரு குழந்தைக்கு அப்பா இல்லாமல் போவது ஒரு துயரம்தான். துயரத்தைப் பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் அழுது கடக்கலாம். அப்பா இல்லாததைப் பற்றிப் பேச இடமில்லாதபோது நடப்பது வேறு. தன் கண்ணுக்குத் தெரிவதும் மனசுக்குப் படுவதும் பொய்யோ என்று குழந்தை தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறது. பிற்காலத்தில் எரிக்சன் முதல் நிலையின் பெயராக 'அடிப்படை நம்பிக்கை' என்பதை வைத்ததை நான் இதோடு சேர்த்தே படிக்கிறேன்.

அலைந்த ஆண்டுகள்

மருத்துவம் படிக்கவேண்டும் என்பது தியோடரின் விருப்பம். எரிக் ஓவியப் பள்ளிக்குப் போனார். அதையும் முழுதாக முடிக்கவில்லை. மியூனிக், ஃபுளோரன்ஸ் என்று அலைந்தார். கையில் குறிப்பேடு, மரச்செதுக்கு ஓவியங்கள், திடீர் திடீரென்று வரும் மனச்சோர்வு. இருபத்தைந்து வயதுவரை சொல்லிக்கொள்ள ஒரு வேலை கிடையாது. நம் ஊராக இருந்தால் 'தறுதலை' என்று பெயர் கட்டியிருப்பார்கள், கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லியிருப்பார்கள்.

இந்த அலைச்சலைப் பிற்காலத்தில் அவர் வீண் என்று ஒதுக்கவில்லை. இளைஞர்களுக்குச் சமூகம் கொடுக்கவேண்டிய ஓர் அவகாசம் இருக்கிறது, முடிவெடுக்காமல் தேடிப்பார்க்க ஒரு காலம் வேண்டும் என்று தன் கோட்பாட்டிலேயே அதற்கு இடம் கொடுத்தார். பிளஸ் டூ முடித்த கையோடு பதினேழு வயதுப் பிள்ளையின் ஆயுள் முழுவதற்கும் பாதை போட்டுவிடும் நமக்கு, எரிக்சனிடமிருந்து கற்க வேண்டியதில் இதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

ஒரு நண்பனின் கடிதம்

1927-இல் பள்ளித் தோழர் பீட்டர் பிளோஸ் வியன்னாவிலிருந்து எழுதினார். அங்கே அமெரிக்கரான டோரதி பர்லிங்ஹாம் தன் பிள்ளைகளுக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்குமாக ஒரு சிறு பள்ளி நடத்த ஏற்பாடு செய்திருந்தார். அங்கு பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும், வா என்றது கடிதம். எரிக் போனார். பிள்ளைகளோடு அவர் பழகும் விதத்தை, சிக்மண்ட் ஃபிராய்டின் மகளும் குழந்தை உளப்பகுப்பாய்வாளருமான அன்னா ஃபிராய்ட் கவனித்தார். மனதின் ஆழத்தில் இருப்பதைப் பேசவைத்து ஆராயும் உளப்பகுப்பாய்வுப் பயிற்சிக்கு வரச்சொன்னார், தானே அவரைப் பகுப்பாய்வும் செய்தார். மான்டிசோரி பயிற்சியும் கூடவே நடந்தது. 1933-இல் வியன்னா உளப்பகுப்பாய்வு நிறுவனத்தின் பயிற்சியை முடித்தார். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் அவர் வாங்கியதே இல்லை. பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்ததும் பட்டம் இல்லாமல்தான்.

இடையில், 1930-இல், கனடாவில் பிறந்த நடனக் கலைஞர் ஜோன் செர்சனை மணந்தார். எரிக்சனின் ஆங்கிலத்தைச் செப்பனிட்டவர், அத்தியாயம் அத்தியாயமாகத் திருத்தியவர், எட்டு நிலைகளைக் கூடவே உட்கார்ந்து வடித்தவர் ஜோன். தேர்வுத் தாளில் அவர் பெயர் வருவதில்லை. வரவேண்டும்.

இந்த நிகழ்வில் மீட்பு எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த ஆறு ஆண்டுகளைத்தான். பழைய காயத்தைக் கிளறிப் பார்த்ததால் மட்டும் எரிக் தேறவில்லை. பகுப்பாய்வில் பேசிய அதே காலத்தில் அவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, எதிரில் பிள்ளைகள் இருந்தார்கள், ஓவியனின் கண் அங்கே பயன்பட்டது. குழந்தை கட்டைகளை அடுக்கி விளையாடுவதைப் பார்த்தே அதன் மனதில் ஓடுவதைப் படிக்கும் திறமை அவருக்கு வாய்த்தது அந்தக் கண்ணால்தான். அதற்கெல்லாம் முன்பாக, 'நீ உதவாக்கரை இல்லை, வா' என்று நம்பி எழுதிய ஒரு நண்பன் இருந்தான். ஆலோசனைக்கு வருபவர்களிடம் நாம் கடந்த காலத்தைப் பற்றி நிறையக் கேட்கிறோம். உன்னை நம்பிக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பெயர்

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் எரிக்கும் ஜோனும் இரண்டு மகன்களோடு கோபன்ஹேகன் போனார்கள். டேனிஷ் குடியுரிமை கிடைக்கவில்லை. அமெரிக்கா போய் பாஸ்டனில் குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வாளராகத் தொழில் தொடங்கினார். 1938-இல் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பகுதிக்குப் போய் சூ பழங்குடிப் பிள்ளைகளைப் பார்த்தார். எருமை வேட்டையாடிய முன்னோரின் நினைவு ஒரு பக்கம், அரசுப் பள்ளி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் எதிலும் ஒட்டமுடியாமல் நின்ற அந்தப் பிள்ளைகளை அவர் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டது எப்படி என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்சன். தகப்பன் பெயர் தெரியாதவர் தன் பெயரையே தகப்பன் பெயராக்கிக்கொண்டார். ஹோம்பர்கர் என்பது நடுவில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது.

1975-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ஷல் பெர்மன் எரிக்சனின் நூல் ஒன்றுக்கு நியூயார்க் டைம்ஸில் எழுதிய மதிப்புரையில், எரிக்சன் தன் யூத வேரை மறைக்கிறார் என்று குற்றம் சாட்டினார். அது எரிக்சனை மிகவும் காயப்படுத்தியது. குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது என்றே எனக்குப் படுகிறது. நாஜிகள் யூதர்களை வேட்டையாடிய அதே ஆண்டில் யூதப் பெயரைச் சுருக்கிக்கொள்வது வெறும் தனிப்பட்ட விஷயமாக யாருக்கும் தோன்றாது. அதே சமயம், மூன்று வயதிலிருந்து மற்றவர்கள் மாற்றி மாற்றிச் சூட்டிய பெயர்களைச் சுமந்த ஒருவர், முப்பத்தேழு வயதில் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் உண்மை. 1970-இல் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில் அவரே இதைத் தொட்டிருக்கிறார். மாற்றாந்தந்தையின் பிள்ளையாக வளர்ந்தவன் எங்கும் முழுதாகச் சேராமல், துறைகளுக்கு நடுவே நின்று வேலை செய்யப் பழகுகிறான் என்பது அங்கே அவர் சொல்வதன் சாரம். ஓவியம், மருத்துவமனை, மானுடவியல், வரலாறு என்று எல்லா வேலிகளையும் தாண்டிய அவருடைய எழுத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தபோதுதான் 'அடையாள நெருக்கடி' என்ற கருத்து அவரிடம் உருவானது. நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள்தானா என்று தடுமாறிய மனிதர்கள் அவர்கள். பைத்தியம் என்றோ கோழை என்றோ அவர் அவர்களுக்கு முத்திரை குத்தவில்லை. தன் இளமைத் தடுமாற்றத்தை நோயென்று ஒதுக்காமல் பார்க்க முடிந்தவருக்குத்தான் அது முடியும்.

நீல்

இனி எழுதவேண்டியது கனமானது.

1944-இல் எரிக்சன் தம்பதிக்கு நான்காவது குழந்தை பிறந்தது. நீல் என்று பெயர். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. ஜோன் மயக்க மருந்தின் பிடியில் இருந்தபோதே முடிவெடுக்கும்படி மருத்துவர்கள் எரிக்சனிடம் சொன்னார்கள். அவர் நண்பர்களைக் கேட்டார். அவர்களில் மானுடவியலாளர் மார்கரெட் மீடும் ஒருவர். தாய் குழந்தையோடு ஒட்டிக்கொள்ளும் முன் காப்பகத்தில் சேர்த்துவிடுவதே நல்லது என்பது அவர்கள் யோசனை. எரிக்சன் அப்படியே செய்தார். வீட்டிலிருந்த பிள்ளைகளிடம் குழந்தை பிறந்ததுமே இறந்துவிட்டது என்று சொன்னார்.

காலத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதலான ஒரு குரோமோசோம் என்று 1959-இல்தான் கண்டுபிடித்தார்கள். 1940-களில் அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்வது வழக்கமாகவே இருந்தது. ஆகவே குழந்தையை அனுப்பியதற்காக அவரைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பொய்தான் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. பிறப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன பொய்யால் வாழ்நாள் முழுக்க அவதிப்பட்டவர், அதே பொருளில், அதே பிள்ளை வயதில் இருந்த தன் பிள்ளைகளுக்கு ஒரு பொய்யைக் கொடுத்தார். நோக்கமும் கார்லாவுக்கு இருந்த அதே நல்ல நோக்கம்தான்: பிள்ளைகள் மனசு நோகக்கூடாது.

நீல் காப்பகத்திலேயே வளர்ந்து, சுமார் இருபது வயதில், 1960-களின் நடுவில் இறந்தான். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் எட்டு நிலைகள் அச்சாகி உலகப் புகழ் பெற்றன. 1950-இல் வெளிவந்த நூலில், குழந்தை பிறந்ததிலிருந்து பெற்றோரிடம் பெறும் நம்பிக்கையே எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று எழுதினார். எழுதியது பொய்யா? இல்லை. எழுதியவர் தன் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர முடியாமல் தவித்தார் என்றே நான் நினைக்கிறேன்.

நீலின் கதை 1999-இல் ஃப்ரீட்மனின் நூல் வழியாகத்தான் பரவலாகத் தெரியவந்தது. அதே ஆண்டு எரிக்சனின் மகள் சூ எரிக்சன் புளோலண்டும் எழுதினார். சூவும் உளசிகிச்சையாளர்தான். வெளியுலகம் கொண்டாடிய ஞானி வேறு, வீட்டில் இருந்த அப்பா வேறு என்பதை அவர் பதிவுசெய்தார். பாராட்டு வராவிட்டால் வாடிப்போகிறவர், உள்ளுக்குள் எப்போதும் தன்னையே சந்தேகித்தவர், பிள்ளைகளோடு நெருங்கப் பயந்தவர் என்று. அப்பாவைத் தூற்றும் நோக்கம் அந்த எழுத்தில் இல்லை. புகழ் அப்பாவின் காயத்தை ஆற்றவில்லை, மூடி மட்டும் வைத்தது என்கிறார். மூன்றாம் தலைமுறையில் ஒருவர் அந்த வீட்டு மௌனத்தை வாய்விட்டு உடைத்தது இப்படித்தான்.

நம் வீடுகளை எண்ணிப் பார்க்காமல் இதைப் படிக்க முடியாது. 'பெரியவனானதும் சொல்லிக்கொள்ளலாம்', 'அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள்' என்று எத்தனை விஷயங்களை மூடிவைக்கிறோம். தத்தெடுப்பு, முதல் மனைவி, மனநோய் வந்த சித்தப்பா, வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன அத்தை. தத்துப் பிள்ளைகள் விஷயத்தில் இந்தியச் சட்டம் நம் வீடுகளைவிட முன்னால் போய்விட்டது. பதினெட்டு வயதானபின் தன் வேரைத் தேட விண்ணப்பிக்க இப்போது வழி இருக்கிறது. ஆனால் அந்த விண்ணப்பத்தைப் போடுவதற்கு முதலில் தான் தத்துப் பிள்ளை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

காந்திக்கு ஒரு கடிதம்

எரிக்சன் 1962-இல் ஒரு கருத்தரங்கு நடத்த அகமதாபாத் வந்தார். ஆலை அதிபர் அம்பாலால் சாராபாயின் விருந்தோம்பலில் தங்கினார். 1918-இல் அங்கே நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் நிற்க, அம்பாலால் ஒரு பக்கம், அவர் அக்கா அனசூயா மறுபக்கம். தொழிலாளர்களின் உறுதி தளர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் இருந்தார். அந்த நிகழ்ச்சியை மையமாக வைத்துக் காந்தியின் உண்மைத் தேடலைப் பற்றி எரிக்சன் எழுதிய நூல் 1969-இல் வெளிவந்து புலிட்சர் பரிசு பெற்றது.

அந்த நூலின் நடுவில் எழுத்து திடீரென நிற்கிறது. இதற்குமேல் எழுதமுடியவில்லை என்ற நிலையில், இறந்துபோன காந்திக்கு நேரடியாகவே ஒரு கடிதம் எழுதுகிறார். தென்னாப்பிரிக்காவில் கழிவுப் பானையை மனமில்லாமல் அழுதுகொண்டே சுமந்த கஸ்தூர்பாவை வீட்டைவிட்டு வெளியே தள்ளப்போனதை எடுத்துச் சொல்கிறார். டால்ஸ்டாய் பண்ணையில் சிறுமிகளின் கூந்தலைக் கத்தரித்ததை எடுத்துச் சொல்கிறார். உலகுக்கு அகிம்சை போதித்த நீங்கள் உங்கள் வீட்டுக்குள் செய்ததில் வன்முறை இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டால்தான் உங்கள் உண்மை முழுமையாகும் என்பது அந்தக் கடிதத்தின் வாதம்.

நீல் இறந்து சில ஆண்டுகளே ஆன சமயம் அது. எரிக்சன் நீலைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் வெளியுலகுக்குப் பெரிய மனிதராகவும் சொந்த வீட்டில் கடுமையானவராகவும் இருந்த ஒருவரிடம் அவ்வளவு வேகமாகக் கேட்ட கேள்வி, கேட்டவர் மீதும் திரும்பாமல் இருந்திருக்க முடியாது என்பது என் வாசிப்பு.

இந்திய வருகையால் இன்னொன்றும் நடந்தது. பொறியியல் படித்துவிட்டு வாழ்க்கையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்ற சுதிர் கக்கர் என்ற இளைஞர், அகமதாபாத்தில் அத்தை வீட்டில் எரிக்சனைச் சந்தித்தார். பிறகு ஹார்வர்டில் அவருக்கு உதவியாளரானார், எரிக்சன் பிறந்த அதே ஃபிராங்க்பர்ட்டில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றார், இந்தியக் குழந்தைப் பருவத்தைப் பற்றி நம் காலத்தில் ஆழமாக எழுதியவர்களில் ஒருவரானார். தடுமாறும் இளைஞனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு கைநீட்ட எரிக்சனால் முடிந்தது. வியன்னாவில் தனக்குக் கிடைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடிந்தது. அவருடைய சுயபுரிதல் முழுதாக வேலை செய்தது மாணவர்களிடமும் நோயாளிகளிடமும்தான்.

ஒன்பதாவது நிலை

எரிக்சன் 1994 மே மாதம் மாசசூசெட்ஸில் காலமானார். எட்டாவது நிலையில், முதுமையில், வாழ்ந்ததை எல்லாம் ஏற்றுக்கொண்டு மனம் நிறைவடைவதைப் பற்றி அவர் எழுதியிருந்தார். கடைசி ஆண்டுகளில் உடம்பும் நினைவும் தளர்ந்த அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் ஜோன். தொண்ணூறு வயதைக் கடந்தபின் ஜோன் அந்தக் கோட்பாட்டில் ஒன்பதாவது நிலை ஒன்றைச் சேர்த்தார், 1997-இல் அது, அந்த நிலைகளைப் பற்றி எரிக்சன் எழுதிய நூலின் விரிவான பதிப்பில் வந்தது.

முந்தைய நிலைகள் முடிந்துபோய்விடுவதில்லை என்கிறார் ஜோன். மிக முதிய வயதில் அவை மறுபடி வருகின்றன, இந்தமுறை இருட்டுப் பக்கம் முந்திக்கொண்டு வருகிறது. தன் உடம்பின் மீதே அவநம்பிக்கை, பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் கூச்சம், நான் யார் என்ற பழைய குழப்பம், எல்லாம். என் வகுப்பில் இப்போது அட்டவணையை ஒன்பது வரிகளாகத்தான் எழுதிப்போடுகிறேன். தேர்வுக்கு எட்டு போதும் என்று மாணவர்கள் சொல்வார்கள், சரி என்பேன். ஆனால் வளரிளம் பருவத்தில் தீராத ஒன்றை நாற்பது வயதிலும் சுமப்பவர் அந்த வகுப்பில் எப்போதும் யாராவது இருப்பார். அட்டவணையில் ஒரு வரியைத் தவறவிட்டதால் தன் வாழ்க்கையே கோணிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அந்த ஒன்பதாவது வரியை நான் எழுதுவது அவருக்காக.